அகதிக்கு வீடு: மூன்று வழிகள்

தோட்டத்து லயங்களில் வாழும் நம்மவர்க்கு ஒன்று நன்றாகத் தெரியும்: வேலை போனால் கூரையும் போகும். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. வந்தவர்களில் சில குடும்பங்களை வண்டிப்பெரியாறு வழியாகச் செல்லும் கவியில், கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்தில் அமர்த்தினார்கள். வேலையோடு வீடு என்ற ஏற்பாடு அது.

வேறொரு வழியை பிரிட்டன் 2022 மார்ச்சில் உக்ரைன் அகதிகளுக்காகத் தொடங்கியது. குடும்பங்களே தம் வீட்டில் குறைந்தது ஆறு மாதம் இடம் தரவேண்டும். வாடகை கேட்கக் கூடாது. உள்ளூராட்சி மன்றம் தொடக்கத்தில் மாதம் 350 பவுண்டு நன்றித்தொகை கொடுத்தது. பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த மன்றத்தின் மற்ற வேலைகள்தாம். வீட்டில் போதிய இடம் உண்டா, பாதுகாப்பானதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். பெரியவர்கள் மீது குற்றப்பதிவு உண்டா என்றும் விசாரிப்பார்கள். (பாலத்தைச் சோதிக்காமல் ரயில்வேயில் நாங்கள் வண்டி விடுவதில்லை.) பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமும் தேடித் தருவார்கள்.

விருந்து கசந்துவிட்டால்? அங்கேதான் திட்டத்தின் உயிர். வேறு குடும்பத்தைத் தேடித் தரவும், கிடைக்காவிட்டால் வீடற்றோர் சட்டப்படி உதவவும் மன்றமே பொறுப்பு. இதற்காக, தொடக்கத்தில் ஒரு விருந்தாளிக்கு 10,500 பவுண்டு வீதம் அரசு மன்றத்துக்குக் கொடுத்தது.

தமிழ்நாட்டிலும், 1983-க்குப் பின் வந்த இலங்கைத் தமிழர் பலர் முகாமுக்கு வெளியே உறவினர் வீடுகளில் தங்கினார்கள். அவர்கள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். உதவித்தொகையோ முகாமில் இருப்போருக்கு மட்டுமே. இடம் கொடுத்த குடும்பத்தின் அரிசிச் செலவு அதன் சொந்தப் பாடு.