தாவும் சிலந்தியின் கண்கள்

வீட்டுச் சுவரில் வலை பின்னாமல், தாவிச் சென்று ஈயைப் பிடிக்கும் சிலந்தி ஒன்று உண்டு. அதன் உடல் ஏறத்தாழ 1 செ.மீ. நீளமே இருக்கும். கண்களோ 8, அவற்றுள் முன்புறத்தின் நடுவிலுள்ள இரண்டும் மிகப் பெரியவை. அவற்றைப் படம் எடுக்க விலையுயர்ந்த கேமரா வேண்டியதில்லை. கைப்பேசியில் பொருத்தும் சிறு மேக்ரோ லென்ஸே போதும்.

மிக அருகில் எடுக்கும்போது ஒரு மெல்லிய பகுதி மட்டுமே தெளிவாகத் தெரியும். முதுகு தெளிவாகி, கண் மங்கினால் படம் வீண். ஆதலால் கண்ணையே குறியாகக் கொண்டு, கைப்பேசியை மயிரிழையளவு முன்னும் பின்னும் நகர்த்திப் பல படங்கள் எடுத்தல் வேண்டும். பத்தில் ஒன்று தேறினாலே நன்று! வெயில் நேரே விழுந்தால், இடையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கலாம், ஒளி மென்மையாகும்.

அசையாதிருக்கட்டும் என்று சிற்றுயிர்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்போரும் உளர். அது கொடுமை, தேவையும் அன்று. அருகே ஏதேனும் அசைந்தால், தாவும் சிலந்தி தானே திரும்பி உற்றுநோக்கும்.

சொற்பொருள்: மயிரிழையளவு – மிகச் சிறிய அளவு, உளர் – இருக்கின்றனர்.

பயிற்சி
1. முதுகு தெளிவாக இருந்தும் படம் வீணாவது ஏன்?
2. உங்கள் வீட்டில் காணும் சிற்றுயிர் ஒன்றைத் தொடாமல் உற்றுநோக்கி, மூன்று தொடர்கள் எழுதுக.