தெப்பக்காடு முகாம் யானைகளைப் பார்க்கப் போகிறீர்களா?

சென்னையை அடுத்த பொத்தேரியிலிருந்து கிளம்பினால், மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்குங்கள்; எதிரே சென்னை சென்ட்ரல். அங்கிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் மறுநாள் காலை மேட்டுப்பாளையம். பிறகு பேருந்தில் ஊட்டி. ஊட்டி–மைசூரு பேருந்துகள் முதுமலையின் தெப்பக்காடு வழியாகவே செல்கின்றன.

* சொந்த வாகனத்தில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். 2024 மே 7 முதல் இது நடைமுறையில் உள்ளது.
* காலையிலும் மாலையிலும் உணவூட்டும் நேரம்தான் பார்க்கச் சிறந்தது. கேழ்வரகு, கொள்ளு, வெல்லம், உப்பு சேர்த்த கவளங்களை ஊட்டுவார்கள். புறப்படும் முன் நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.
* வாழைப்பழம், பிஸ்கட் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாகன் சொல்லாமல் அருகே போகாதீர்கள்.
* பளிச்சென்ற உடை, வாசனைத் திரவியம், கேமரா ஃபிளாஷ், உரத்த பேச்சு வேண்டாம்.
* பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.
* வழியில் காட்டு யானையைக் கண்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், செல்ஃபி எடுக்காதீர்கள்.
* மைசூரு செல்லும் பந்திப்பூர் வழிச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்குத் தடை. அதற்கேற்பப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

இந்த முகாமின் யானைகளைப் பற்றிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வென்றபின் இங்கே கூட்டம் கூடியிருக்கிறது. யானைகளின் நிம்மதி கெடாமல் பார்த்துவிட்டு வருவது நம் கடமை.