கணிப்பொறிச் செயலிக்குப் பெரிய காற்றுக் குளிர்விப்பானைத் தேர்ந்தெடுத்தல்

மேசைக் கணிப்பொறி இன்று கிராமப் பள்ளிகளிலும், வேளாண்மை விரிவாக்க அலுவலகங்களிலும் இன்றியமையாத கருவியாகிவிட்டது. கோடைக் காலத்தில் இக் கருவி காரணமின்றித் தாமதப்படுவதும், வேலை நடந்துகொண்டிருக்கையில் தானே நின்றுவிடுவதும் பல இடங்களில் காணப்படுகின்றன. பொறி பழையதாகிவிட்டது என்று முடிவு செய்து புதியது வாங்க எழுதுவோர் உண்டு. ஆனால் இத்தகைய கோளாறுகளுள் ஒரு பகுதி பொறியின் வயதால் ஏற்படுவதன்று. செயலியிலிருந்து வெப்பம் போதிய அளவில் வெளியேறாமையே அதற்குக் காரணம். பொதுப் பணத்தில் புதிய பொறி வாங்குவதற்கு முன் குளிர்விப்பானைப் பற்றி ஆராய்வது நன்று. தேவைக்கு மேற்பட்ட அளவுள்ள குளிர்விப்பான் எப்போது பயன் தரும், எப்போது வீண் செலவாகும் என்பதை விளக்குவதே இக் கட்டுரையின் நோக்கம்.

வெப்பம் தோன்றுவதும் நீங்குவதும்

செயலி உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. 125 வாட் மின்சாரம் கொள்ளும் செயலி, 125 வாட் வெப்பத்தைத் தபால் தலை அளவுள்ள ஒரு சில்லிலிருந்து வெளிவிடுகிறது. பரப்பு சிறியதாகையால் அச் சில்லு தானாகக் காற்றில் ஆறிவிட இயலாது. சூடான காப்பியைத் தம்ளரிலிருந்து டவராவில் ஊற்றி ஆற்றுவதை யாவரும் அறிவர். பரப்பு விரிந்ததும், காற்று பட்டதும் காப்பி விரைவில் ஆறுகிறது. குளிர்விப்பான் செய்வதும் இதுவே. வெப்பத்தை அகன்ற தகடுகளின் மேல் பரப்பி, அத் தகடுகளின் இடையே விசிறியால் காற்றைச் செலுத்துகிறது.

செயலியின் மேல் பதியும் அடித்தகட்டிலிருந்து வெப்பத்தை உயரே கொண்டு செல்பவை செம்பாலான வெப்பக் குழாய்கள். அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பார் 1963-இல் இவற்றைச் செய்து காட்டினார். குழாயினுள் சிறிதளவு நீர், குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த முனைக்கு விரைந்து சென்று அங்கே மீண்டும் நீராகிறது. அந் நீர் குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலம் வழியே பழைய இடத்திற்குத் திரும்புகிறது. ஆதலால் திண்மையான செம்புக் கம்பியைவிடப் பன்மடங்கு வெப்பத்தை இக் குழாய் கடத்தும்.

புனே நகரும் கணிப்பொறியும்

கணிப்பொறியின் வெப்பத்தைப் பற்றி ஆராய்வதற்குப் புனே நகரம் தக்க எடுத்துக்காட்டாகும். உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையமாகிய சி-டாக் 1988-இல் இந்நகரில் தொடங்கப் பெற்றது. விஜய் பட்கர் அவர்களின் தலைமையில் அம் மையம் 1991-இல் பரம் 8000 என்னும் மீக்கணிப்பொறியை உருவாக்கியது. டாட்டா குழுமத்தைச் சார்ந்த கணிப்பு ஆராய்ச்சிக்கூடத்தின் ஏகா என்னும் பொறி 2007 நவம்பரில் உலக வரிசையில் நான்காம் இடம் பெற்றது. இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் 2019-இல் நிறுவப்பட்ட பரம் பிரம்மா என்னும் பொறியில், செயலிகளின் மேலேயே திரவம் செல்லும் தகடுகளைப் பொருத்திக் குளிர்விக்கும் முறை கையாளப்பட்டது. செயலிகள் பல நெருங்கியிருக்கும் இடத்தில் காற்று மட்டும் போதுவதில்லை என்பதை இது காட்டுகிறது. ஒரே செயலியுள்ள மேசைப் பொறிக்கோ, காற்றே பெரும்பாலும் போதுமானது.

புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரை நகரங்களிலிருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. ஆகவே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும், தகடுகளின் இடையே செல்லும் காற்றின் நிறை அவ்வளவிற்குக் குறைகிறது. சான்றாக, 125 வாட் வெப்பத்தைக் கொண்டு செல்லும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடேற வேண்டுமாயின், சென்னையில் விநாடிக்குச் சுமார் 11 லிட்டர் காற்றும், புனேயில் சுமார் 11.6 லிட்டர் காற்றும் தேவை. இவ் வேறுபாடு சிறியதே. நகரத்தின் உஷ்ணநிலையே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஏப்ரல் மாதத்தில் பகல் உச்ச உஷ்ணநிலை புனேயில் சராசரி 38 டிகிரி அளவிற்கு உயர்கிறது. உதகமண்டலத்தில் காற்று இன்னும் மெலிந்ததாயினும், அங்குள்ள குளிர் அக் குறையை ஈடு செய்துவிடுகிறது.

கணக்கிடும் முறை

ஒரு வாட் வெப்பத்திற்குச் செயலியின் உள்ளம் சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி மிகுதியாகச் சூடேறுகிறது என்பதை வெப்பத் தடை எனக் கொள்ளலாம். உற்பத்தியாளர் இவ் வெண்ணை வெளியிடாவிடினும், சோதனை முடிவுகளிலிருந்து அதனைக் கண்டறியலாம். 200 வாட் சோதனையில் செயலி காற்றைவிட 50 டிகிரி மிகுதியாகக் காட்டினால், வெப்பத் தடை 50-ஐ 200-ஆல் வகுத்த 0.25 ஆகும். எண் குறையக் குறையக் குளிர்விப்பான் சிறந்ததாகும்.

புனேயில் ஒரு பள்ளியின் அலுவலக அறை ஏப்ரல் பிற்பகலில் 36 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். கேபினெட்டின் உள்ளே அதனினும் 6 டிகிரி மிகுதி. ஆக, குளிர்விப்பான் உறிஞ்சும் காற்று 42 டிகிரி. கணக்கிற்காகச் சிறிய குளிர்விப்பானின் தடையை 0.50 எனவும், பெரியதன் தடையை 0.25 எனவும் கொள்க.

125 வாட் செயலியில் சிறியதைப் பொருத்தினால், உயர்வு 62.5 டிகிரி, செயலியின் உஷ்ணநிலை 104.5 டிகிரியாக வேண்டும். இன்டெல் செயலிகள் பலவற்றிற்கு எல்லை 100 டிகிரி. அவ் வெல்லையை அடைந்ததும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பயனாளர் காணும் தாமதம் இதுவே. பெரியதைப் பொருத்தினால் உயர்வு 31 டிகிரி. உஷ்ணநிலை 73 டிகிரி. பொறி முழு வேகத்துடன் இயங்கும்.

அட்டைப் பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணை மட்டும் நம்புவது தவறு. இன்டெல் கோர் ஐ5-13400 செயலிக்கு அடிப்படை எண் 65 வாட். ஆயினும் கடும் வேலையின்போது அது 148 வாட் வரை கொள்ளக்கூடும். சிறிய குளிர்விப்பானில் இது 74 டிகிரி உயர்வாகும். 42-உடன் கூட்டினால் எல்லை கடந்துவிடும். ஏஎம்டி ரைசன் 5 7600 செயலியும் 65 வாட் எனவே குறிக்கப்படுகிறது. அது கொள்ளும் உச்ச அளவு 88 வாட். அதற்கு உயர்வு 44 டிகிரி, மொத்தம் 86. இரண்டிலும் அச்சிட்ட எண் ஒன்றே. தேவைப்படும் குளிர்விப்பானோ வேறு. எனவே உச்ச வாட் எண்ணைக் கொண்டே கணக்கிடுதல் வேண்டும்.

பாலம் கட்டுவோர் ஆற்றின் சராசரி நீரோட்டத்தை நோக்கிக் கண்களின் அகலத்தைத் தீர்மானிப்பதில்லை, பெருவெள்ளத்தையே நோக்குவர். குளிர்விப்பானையும் மார்கழிக் காலையை நோக்கித் தேர்ந்தெடுத்தலாகாது. தூசு படிந்த நிலையில் கோடைப் பிற்பகலை நோக்கித் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பெரியதன் நன்மையும் அதன் எல்லையும்

பெரிய குளிர்விப்பானின் முதல் நன்மை அமைதி. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் ஓசை சுமார் 15 டெசிபெல் குறையும். பரப்பு மிகுதியாயிருப்பதால் மெதுவாகச் சுழலும் விசிறியே போதும். வகுப்பறையில் பத்துப் பொறிகள் ஒருங்கே இயங்கும்போது ஆசிரியர் குரல் கேட்பதற்கு இஃது உதவும். இரண்டாவது நன்மை, தூசு படிந்தாலும் எல்லையை எட்டாதபடி ஓர் இடைவெளி கிடைப்பதாகும்.

ஆயினும் பெரியது எல்லாவற்றையும் செய்துவிடாது. கோர் ஐ9-13900கே செயலி 253 வாட் வரை கொள்ளும். 0.25 தடையிலும் அதன் உயர்வு 63 டிகிரி, மொத்தம் 105. இங்கே குளிர்விப்பானை மாற்றுவதைவிட, பொறியின் தொடக்க அமைப்புப் பக்கத்தில் வாட் எல்லையை 170-க்குள் வரையறுத்தல் தக்கது. அப்போது உஷ்ணநிலை சுமார் 84 டிகிரியில் நிற்கும். வேகம் சிறிதளவே குறையும். புதிய செயலிகளில் சில்லின் பரப்பு மிகச் சிறியதாகையால், தடையின் பெரும்பகுதி சில்லினுள்ளேயே இருக்கிறது. குளிர்விப்பானை எவ்வளவு பெரிதாக்கினாலும் அப் பகுதி குறையாது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. குளிர்விப்பான் வெப்பத்தை அழிப்பதில்லை, அறைக்கு மாற்றுகிறது. தலா 200 வாட் கொள்ளும் பத்துப் பொறிகள் அறையில் 2,000 வாட் வெப்பத்தை வெளிவிடுகின்றன. சன்னலில் வெளியேற்று விசிறி இல்லாத அறையில் பெரிய குளிர்விப்பான்களும் சூடான காற்றையே மீண்டும் மீண்டும் சுற்றிவிடும்.

வாங்குமுன் அளக்க வேண்டியவை

1. உயரம்: செயலியின் மேற்பரப்பிலிருந்து கேபினெட்டின் பக்கக் கதவு வரை உள்ள இடைவெளியை அளக்க. நாக்டுவா நிறுவனத்தின் என்ஹெச்-டி15 என்னும் குளிர்விப்பான் 165 மில்லிமீட்டர் உயரமுடையது; குறுகிய கேபினெட்டுகளில் கதவு மூடாது.

2. ரேம்: பெரிய விசிறி ரேம் பலகைகளின் மேல் கவிந்து நிற்கும். மேற்கூறிய மாதிரியில் இரு விசிறிகளையும் பொருத்தினால், அதன் கீழ் 32 மில்லிமீட்டர் உயரமே இடம் கிடைக்கும்.

3. பொருத்து சட்டம்: செயலியின் சாக்கெட்டிற்கு உரிய சட்டம் பெட்டியினுள் இருக்கிறதா என்று பார்க்க.

4. எடை: விசிறிகளுடன் அம் மாதிரி 1,320 கிராம். செங்குத்தான மதர்போர்டில் இவ் வெடை பக்கவாட்டில் தொங்குகிறது. ஆதலால் பின்புறத் தகட்டின்றிப் பொருத்துதல் கூடாது. பஸ்ஸிலோ லாரியிலோ பொறியை எடுத்துச் செல்லும்போது குளிர்விப்பானைக் கழற்றிவிடுதல் வேண்டும். அன்றேல் மதர்போர்டு கீழாகவும் குளிர்விப்பான் நிமிர்ந்தும் இருக்குமாறு கேபினெட்டைப் படுக்கவைத்தல் வேண்டும்.

பொருத்துதலும் பேணுதலும்

அடித்தகட்டில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை அகற்ற மறப்பது அடிக்கடி நேரும் பிழை. அத் தாள் இருப்பின் மிகப் பெரிய குளிர்விப்பானும் பயன்படாது. தெர்மல் பேஸ்டைப் பட்டாணி அளவு இட்டால் போதும். காற்று மிகத் தாழ்ந்த வெப்பக் கடத்தி. உலோகப் பரப்புகளின் இடையே உள்ள நுண்ணிய காற்று இடைவெளிகளை நிரப்புவதே பேஸ்டின் பணி. திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்குக. விசிறியின் காற்று கேபினெட்டின் பின்புற விசிறியை நோக்கிச் செல்லுமாறு அமைத்தல் வேண்டும்.

மழைக்காலத்தில் குளிர்விப்பானில் நீர் கோத்துப் பொறி கெடுமோ என்று சிலர் ஐயுறுவர். அறைக் காற்றைக் கொண்டு குளிர்விக்கும் எக் கருவியும் அக் காற்றைவிடக் குளிர்ந்த நிலையை அடைய இயலாது. ஆகவே அதன் செயலால் நீர் கோக்காது. ஆனால் ஈரத்தோடு சேர்ந்த தூசு தகடுகளிடையே கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். கோடைக்கு முன்பும் மழைக்குப் பின்பும், பொறியின் இணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் துடைத்தல் வேண்டும். செலவில்லாத இப் பணியைச் செய்தபின்பே புதிய குளிர்விப்பானுக்கு எழுதுவது முறை.

வகுப்பறைச் சோதனை

மூடியுள்ள ஒரே அளவான இரு தகர டப்பாக்களில் சம அளவு வெந்நீர் நிரப்புக. மூடியிலுள்ள துளை வழியே ஒவ்வொன்றிலும் வெப்பமானியைச் செருகுக. ஒன்றன் முன் மேசை விசிறியை இயக்கி, இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை இரு டப்பாக்களின் உஷ்ணநிலையையும் குறித்து வரைபடம் வரைக. நீரும் அறைக் காற்றும் நெருங்க நெருங்க ஆறும் வேகம் குறைவதை மாணவர் காண்பர். கோடையில் கணிப்பொறி ஏன் இடர்ப்படுகிறது என்பதற்கு விடையும் அவ் வரைபடத்திலேயே உள்ளது.

பயிற்சி வினாக்கள்

1. உச்ச அளவு 88 வாட் கொள்ளும் செயலி, 42 டிகிரிக் காற்றில் 85 டிகிரியைத் தாண்டாதிருக்க வேண்டும். குளிர்விப்பானின் வெப்பத் தடை எவ்வளவிற்குள் இருத்தல் வேண்டும்?

2. அச்சிட்ட வாட் எண் ஒன்றாயிருந்தும், இரு செயலிகளுக்கு வெவ்வேறு குளிர்விப்பான் தேவைப்படுவதேன்?

3. தம் அலுவலகத்தின் மிகச் சூடான அறையில் பிற்பகல் 3 மணிக்கு உள்ள உஷ்ணநிலையை ஒரு வாரம் குறித்து, அங்குள்ள கணிப்பொறிக்குப் பெரிய குளிர்விப்பான் வேண்டுமா, தூரிகையே போதுமா என்பதைக் கணக்கிட்டு முடிவு செய்க.