தலைவர் எவ்வழி, தொண்டர் அவ்வழி!



கபடியில கேப்டன் ஒண்ணு சொல்ல, டீம் வேற ஒண்ணு செஞ்சா என்ன ஆகும்? அவுட்தான்! போர்க்களத்திலும் இதே கதைதான்.

2,000 ஆண்டுகளுக்கும் முன்பே சீனாவில் தோன்றிய நூல் 'போர்க் கலை'. இதை எழுதியவர் சுன் சூ என்பார்கள். போருக்கு முன் எடைபோட வேண்டியவை 5 என்கிறது அந்நூல்:

1. தலைவனும் மக்களும் ஒரே எண்ணத்தோடு இருத்தல்
2. பருவகாலம்
3. நிலம்
4. தளபதியின் தகுதி
5. படை ஒழுங்கு

பார்த்தீங்களா? ஆயுதம் இல்லை, ஒற்றுமைதான் முதலிடம்!

அந்த ஒற்றுமை எப்படி வரும்? ஊ சீ என்ற சீனத் தளபதி கடைசிச் சிப்பாய் உண்ட உணவையே உண்டாராம். தன் மூட்டையைத் தானே சுமந்தாராம். ஒரு சிப்பாயின் சீழ்க்கட்டியை வாயால் உறிஞ்சி எடுத்தாராம். அதைக் கேட்டு அவன் தாய் அழுதாள். "இவன் அப்பாவுக்கும் இப்படித்தான் செய்தார். அவர் பின்வாங்காமல் போரிட்டு இறந்துபோனார். இனி என் மகனுமா?" என்றாளாம்.

அப்படியென்றால் தலைவரின் அன்பு மட்டும் போதாது. போகும் நோக்கம் நமக்கும் சொந்தமாக இருக்க வேண்டும்.

இதற்கு நம்ம திருப்பூரே சாட்சி. 1921-ல் மதுரையில் காந்தியடிகள் ஏழை மக்களைப் போல அரையாடைக்கு மாறினார். 1932 ஜனவரி 4-ல் அவரைக் கைது செய்தார்கள். தலைவர் சிறையில். இனி யார் கட்டளையிடுவது? ஆனாலும் ஜனவரி 10-ல் திருப்பூரில் தொண்டர்கள் கொடியுடன் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார் குமரன். கொடியை மட்டும் விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. சென்னிமலையில் நெசவாளர் வீட்டில் பிறந்த அவருக்கு வயது 27தான். அந்தக் கொடி காந்திக்காக மட்டும் பிடித்த கொடி அல்ல, குமரனின் சொந்தக் கொடி!

நம்ம வகுப்பையும் நினைச்சுப் பார்ப்போம். லீடர் போர்டில் பேர் எழுதும் வரைதான் அமைதியா? தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவரும் குடம் தூக்குகிறாரா? அவர் லீவு போட்ட அன்னைக்கும் நாம் செடிக்குத் தண்ணீர் விடுகிறோமா?

லீடர் இல்லாத நாளில்தான் ஒற்றுமைக்குப் பரீட்சை. அதில் நாம் பாஸா, ஃபெயிலா? யோசிங்க நண்பர்களே!