முதலில் மேடையை அழி

அன்புள்ள தங்கைக்கு,

கிராம சபைக்கென்று கூடம் கட்டப்போவதாக எழுதி, வரைபடத்தையும் அனுப்பியிருக்கிறாய். டைல்ஸ் நிறம்வரை யோசித்தவள், கடைசி வரிசைப் பாட்டி எப்படி வாய் திறப்பாள் என்று யோசிக்கவில்லையே!

முதலில் அந்த மூன்றடி மேடையை அழி. “தலைவர் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டாமா?” என்பாய். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் அந்தச் சபையின் உறுப்பினர்கள், தெரியும்தானே? அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். மேடை நோக்கி வரிசை போட்டால் ஒவ்வொருவருக்கும் முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும். பிறை வடிவில் மூன்று வரிசை போடு. தலைவியான நீயும் அதே தரைமட்டத்தில் உட்கார். மைக்கைக் கையிலேயே வைத்துக்கொள்ளாதே. அது பின்வரிசையிலிருந்து தொடங்கி முன்னால் வரட்டும்.

உட்காருவது எல்லாருக்கும் நாற்காலியில், இல்லையென்றால் எல்லாருக்கும் ஜமுக்காளத்தில். இதெல்லாம் சின்ன விஷயம் என்று மட்டும் சொல்லாதே. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சமூகத்துப் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த படத்தை 2020-ல் நாடே பார்த்தது. அந்தப் படத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை; பேசத் தேவையும் இருக்கவில்லை.

உத்திரமேரூர் மண்டபம் மாதிரி தூண் வைக்க ஆசையாம் உனக்கு. தூண் வை, தப்பில்லை. ஆனால் அந்தப் பத்தாம் நூற்றாண்டுச் சபையில் குடவோலைக்குப் பெயர் எழுதவே கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உன் கூடத்துக்கு வரப்போவது நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள்.

கோயிலை ஒட்டிய மனை இலவசமாகக் கிடைக்கிறது என்கிறாய். வேண்டாம். வழிபாட்டு இடத்தில் கிராம சபை நடத்தக்கூடாது என்று அரசே சொல்கிறது. அதை ஒட்டிய இடத்துக்கும் காலனிக்காரர்கள் தயங்கித்தான் வருவார்கள். அவர்கள் தெருவும் ஊர்த்தெருவும் சேரும் இடத்தில் புறம்போக்கு இருக்கிறதா பார். சுவரை இடுப்பளவோடு நிறுத்து. உள்ளே வரக் கூச்சப்படுகிறவர் வெளியே நின்றாவது கேட்கட்டும். ரேஷன் அரிசி பேச்சு வந்தால் தானாக உள்ளே வருவார். பெண்களுக்குக் கழிப்பறை வரைபடத்திலேயே இல்லை. தலைவியே மறந்தால் யாரடி நினைப்பார்கள்?

கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. ஆகஸ்ட் 15 கூட்டத்தை நான் சொன்ன இடத்தில் பந்தல் போட்டு நடத்து. யார் பேசினார்கள், யார் பாதியில் எழுந்து போனார்கள் என்று குறித்து, புது வரைபடத்தோடு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா