கஜுவை எந்த நிலையில் விற்பது?

ஆலையடிவேம்பில் கல்லோயாத் திட்டத்து வாய்க்கால் தண்ணீர் பாயும் காணி உள்ளவருக்கு கஜு என்ற கேள்வியே இல்லை. அங்கே நெல் வேளாண்மைதான்; நீர் தேங்கும் நிலத்தில் கஜு வேர் அழுகிப்போகும். மேட்டு மணற்காணி வைத்திருப்பவர்தான் கஜுவா தென்னையா என்று யோசிக்க வேண்டும். தென்னை வருஷம் முழுக்கச் சில்லறை தரும், ஆனால் கோடையில் தண்ணீர் கேட்கும். கஜுவுக்கு முதலிரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் போதும். காசு மட்டும் வருஷத்தில் ஒரே தரம், பங்குனி தொடங்கி இரண்டு மூன்று மாதத்துக்குள். வேறு வருமானம் இல்லாத வீடு காணி முழுவதையும் கஜுவுக்குக் கொடுக்கக் கூடாது.

விதைக்கன்று மலிவு, ஆனால் ஒரே மரத்து விதைகளும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. ஒட்டுக்கன்றே மேல், ஏறத்தாழ மூன்றாம் வருஷம் காய்க்கத் தொடங்கும். இலங்கை மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனத்தில் விசாரித்து, மாரி தொடங்கியதும் நடுங்கள். மரம் நிழல் கட்டும்வரை இடையில் கச்சானோ கௌபியோ போடலாம்.

வருமானத்தைத் தீர்மானிப்பது விற்கும் நிலை. பூக்கும்போதே மரத்தோடு குத்தகைக்குக் கேட்டு வருபவர், உங்கள் கையில் காசில்லாத நேரம் பார்த்துத்தான் வருவார். பிந்திய மழையிலோ பூச்சியிலோ பூ கருகினால் நட்டம் அவருக்கு. அந்த ஒரு நன்மைக்காக விளைச்சலின் பெரும்பங்கை விட்டுக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. கொட்டையைப் பழத்திலிருந்து திருகி எடுத்து, இரண்டு மூன்று நாள் நன்றாக வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. எல்லோரும் ஒன்றாக விற்கும் அறுவடை நேரத்தில் விலை இறங்கும். சாக்கில் கட்டி வைத்திருப்பவருக்குப் பேரம் பேச இடமுண்டு.

உடைத்துப் பருப்பாக விற்பதில்தான் கூடுதல் காசு. உலகத்திலேயே அதிகம் கஜு விளைவிக்கும் ஐவரி கோஸ்ட் நாட்டின் கொட்டையில் பெரும்பகுதியை வியட்நாமும் இந்தியாவும் வாங்கி உடைப்பதும் அதனால்தான். நாலைந்து கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு தேறும். அத்தனை கிலோ கொட்டையின் விலையையும் ஒரு கிலோ பருப்பின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உடைந்த பருப்புக்கு விலை குறைவு என்பதையும், கோதின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும், கையுறை வேண்டும் என்பதையும் சேருங்கள். வீட்டுப் பெண்கள்தானே உடைக்கிறார்கள் என்று கூலியை விடாமல் அதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் முதல் வருஷம் ஓரிரு சாக்கு மட்டும் உடைத்துப் பாருங்கள். இல்லையென்றால் காய்ந்த கொட்டையாகவே கொடுத்துவிடலாம்.