கதிரவனைக் கண்ட மருந்துக்கடைக்காரர்

கதிரவனை அறியாதார் உலகில் இலர். ஆயினும், அவன் முகத்தை நன்கு கண்டோர் மிகச் சிலரே. உச்சிப் பொழுதில் அவனை ஏறிட்டுப் பார்ப்பவர்தம் கண்கள் கூசித் தாமே மூடிக்கொள்ளும். திங்களிற் கறை உண்டு என்பதைச் சிறு குழந்தையும் அறியும். கதிரவனிலும் கறை உண்டு என்றால் நம்பத் தயங்குவோர் பலர். அக்கறைகளை நாள்தோறும் கண்டு மகிழ்வதற்குப் பெரியதோர் ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. இரண்டு மூன்று அங்குல அகலமுள்ள வில்லையைக் கொண்ட சிறு தொலைநோக்கி ஒன்றும், வெள்ளை அட்டை ஒன்றும், சற்றே பொறுமையும் இருப்பின் போதும்.

விண்மீன்களை ஆராய்வோன் ஊர் உறங்குமளவும் காத்திருத்தல் வேண்டும். விளக்கொளி மிகுந்த நகரத்தில் அவனுக்கு வேலை குறைவு. கதிரவனை நோக்குவோனுக்கு இத்தொல்லைகள் இல்லை. வீட்டு மாடியே அவனுக்கு ஆய்வுக்கூடம். காலையில் அரைமணி நேரம் கிடைத்தால் அன்றைய பணி முடிந்துவிடும்.

ஆனால், ஒன்றை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். தொலைநோக்கியின் வழியே கதிரவனை நேராகப் பார்த்தல் ஒருபோதும் கூடாது. குவிவில்லை வெயிலைக் குவித்துத் தாளை எரிப்பதைக் காணாத மாணவர் இலர். அவ்வொளி கண்ணுள் விழுமாயின் நொடிப்பொழுதிற் பார்வை கெடும். வலி தோன்றி எச்சரிக்கவும் செய்யாது. கண்ணருகே பொருத்தும் கறுப்புக் கண்ணாடியை நம்புதலும் தீது. வெப்பத்தால் அது திடீரெனப் பிளந்துவிடக் கூடும். இடரற்ற வழியொன்றைக் கலிலியோவின் மாணாக்கராகிய பெனடெட்டோ காஸ்டெல்லி என்னும் துறவியார் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார். தொலைநோக்கியைக் கதிரவன்பால் திருப்பி, கண்ணருகு வில்லைக்குப் பின்னே ஓரடித் தொலைவில் வெள்ளை அட்டையை நிறுத்தினால், அதன்மேல் ஒளிவட்டம் ஒன்று வந்து விழும். குறிபார்ப்பதற்கும் குழாயினுள் நோக்க வேண்டுவதில்லை. தரையில் விழும் குழாயின் நிழல் மிகச் சிறுத்து வட்டமாகும்பொழுது, குழாய் கதிரவனை நேரே நோக்கி நிற்கிறது என்று அறியலாம்.

அவ்வொளிவட்டம் நடுவில் வெண்மையாகவும் ஓரத்தில் சற்று மங்கியும் தோன்றும். அதனால், அது தட்டையான வில்லையன்று, உருண்டையே என்பது கண்ணுக்குப் புலனாகும். அதன்மேல் மைத்துளி தெறித்தாற்போல ஆங்காங்கே புள்ளிகள் கிடக்கும். அவை அட்டையிற் படிந்த தூசியோ என ஐயுறுவோர் அட்டையைச் சிறிது அசைத்துப் பார்க்கலாம். தூசி அட்டையோடு நகரும். கதிரவப் புள்ளி நகராது! பெரிய புள்ளிகளின் நடுவிடம் காரிருள் நிறமாயும், சுற்றிடம் சாம்பல் நிறமாயும் இருக்கும். உண்மையில் அவை இருண்டவை அல்ல. கதிரவனது மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியசு. புள்ளிகளில் காந்த ஆற்றல் மிகுந்து, உள்ளிருந்து வரும் வெப்பத்தைத் தடுத்துவிடுவதால், அவ்விடங்களில் வெப்பம் ஓராயிரம் பாகைக்கு மேல் குறைந்து நிற்கிறது; ஆகவே, பேரொளியின் நடுவே அவை கறுத்துக் காண்கின்றன. அவற்றுட் சில நம் நிலவுலகையே விழுங்கத்தக்க அளவினவாம்.

மறுநாள் பார்த்தால் புள்ளிகள் சிறிது இடம்பெயர்ந்திருக்கும். கீழ்விளிம்பில் தோன்றிய புள்ளி ஏறக்குறைய இரு வாரங்களில் மேல்விளிம்பை அடைந்து மறையும். நீண்டநாள் அழியாதவை மேலும் இரு வாரங்கள் கழித்து மறுபடியும் கீழ்விளிம்பில் எட்டிப்பார்க்கும். ஊருக்குச் சென்ற உறவினர் திரும்பி வந்தாற்போன்ற மகிழ்ச்சியை அப்பொழுது நோக்குவோர் அடைவர்.

இம்மகிழ்ச்சிக்கு ஆட்பட்டவருள் ஒருவர், ஜெர்மனியில் தெஸ்ஸாவ் நகரில் மருந்துக்கடை நடத்திவந்த ஹைன்ரிக் ஷ்வாபே. 1789-ஆம் ஆண்டிற் பிறந்த இவர் வானநூலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். புதன் கோளினும் கதிரவனுக்கு அண்மையில் வேறொரு கோள் சுற்றி வருதல் கூடுமென்று அக்காலத்திற் சிலர் கருதினர். அத்தகைய கோள் இருப்பின், கதிரவனுக்குக் குறுக்கே அது செல்லும்பொழுது கரிய பொட்டாகத் தெரிதல் வேண்டும். அதனைக் காணவேண்டும் என்பதே ஷ்வாபேயின் அவா. ஆனால், பொட்டு எது, புள்ளி எது எனப் பிரித்தறிவது எங்ஙனம்? புள்ளிகள் அனைத்தையும் நாள்தோறும் வரைந்து வைத்தாலன்றி அது இயலாது. ஆகவே, 1826 முதல் வானம் தெளிந்த நாளிலெல்லாம் தொலைநோக்கியின்முன் அமர்ந்து, கண்டவற்றை வரைந்து எண்ணிக்கையிட்டார். சில ஆண்டுகளில், 1829-இல், மருந்துக்கடையையும் விற்றுவிட்டார்!

தேடிய கோள் அகப்படவில்லை. பத்தாண்டு கழிந்தது, பதினைந்தாண்டும் கழிந்தது. பிறராயின் வீணுழைப்பென்று கைவிட்டிருப்பர். ஷ்வாபேயோ தம் ஏடுகளைப் புரட்டி எண்களை ஒப்புநோக்கினார். 1828-இல் அவர் கண்ட புள்ளித் தொகுதிகள் 225. பார்த்த நாட்களுள் புள்ளியில்லாத நாள் ஒன்றேனும் இல்லை. 1833-இல் தொகுதிகள் 33 மட்டுமே. 139 நாட்கள் கதிரவன் முகம் மாசின்றி இருந்தது. 1837-இல் அவை 333 ஆகப் பெருகின. 1843-இல் மறுபடியும் 34 ஆகச் சுருங்கின. கடலுக்கு ஏற்றவற்றம் இருப்பதுபோலக் கதிரவனுக்கும் ஒன்று உண்டு என்பதும், அது ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கிறது என்பதும் அவருக்குத் தோன்றின. 1844-இல் அதனைச் சுருங்கிய கட்டுரையாக வெளியிட்டார்.

அறிஞருலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. கலிலியோ காலம் முதல் இருநூறாண்டுகட்கு மேலாகப் பலர் பார்த்தும் காணாத ஒன்றை மருந்துக்கடைக்காரர் ஒருவர் கண்டார் என்பதை எளிதில் யார் ஏற்பர்? ஷ்வாபே வாதாடவில்லை, மறுநாளும் வரைந்தார். ஹம்போல்ட் என்னும் பேரறிஞர் 1851-இல் தம் பெருநூலில் அவ்வெண்களை எடுத்துக்காட்டிய பின்னரே பலரும் விழித்தெழுந்தனர். அடுத்த ஆண்டில் ருடால்ப் வோல்ப் என்பார் பழைய குறிப்புகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து, அச்சுழற்சி சராசரியாகப் பதினோராண்டு நீளமுடையது எனத் திருத்தினார். காந்த ஊசியின் அலைவும் அதே முறையில் மிகுந்து குறைவது அவ்வாண்டிலேயே வெளிப்பட்டது. 1857-இல் இலண்டன் வேத்தியல் வானநூற் கழகம் ஷ்வாபேக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று.

பதக்கம் பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. 1867-ஆம் ஆண்டின் இறுதிவரை வரைந்துகொண்டே இருந்தார். 1875-இல் இறந்தார். அவர் தேடிய கோளோ இல்லவே இல்லை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அவர் வரைந்த எட்டாயிரத்திற்கு மேற்பட்ட படங்கள் இலண்டன் கழகத்தின் நூல்நிலையத்தை அடைந்தன. இருபத்தோராம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகர ஆய்வாளர்கள் அவற்றை ஒளிப்படமாக்கி, ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் அளவையும் கணித்தெடுத்துப் பயன்படுத்தினர்.